கரும்பு விதையைப் பயிராக்கிய கோவை நிபுணர்
சர் டி. எஸ். வெங்கட்ராமன் வாழ்க்கை வரலாறு

பொங்கலுக்குக் கரும்பு வாங்காத வீடு உண்டா? அநேகமாகக் கிடையாது.

ஆனால், கரும்பின் விதையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு ஒருவர்கூட இருக்கமாட்டார்.

காரமடைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கரும்புக்கு ஏது விதை, கரணையை வெட்டி நட்டால் போதாதா என்பார். அவர் சொல்வதும் சரிதான். கரும்பை நடுகிறவருக்குக் கரணை போதும். ஆனால், புதிதாக ஒரு நல்ல ரகம் வேண்டும் என்றால் கரணை போதாது. கரணையிலிருந்து வருவது பழைய கரும்பே. தாயும் தகப்பனும் சேர்ந்து பிறக்கும் புதிய கரும்பு விதையிலிருந்துதான் வரும்.

கரும்புக்குப் பூ உண்டு. உச்சியில் வெள்ளைக் குஞ்சம் போல வரும். அந்தக் குஞ்சத்தில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் இருக்கும். பூவுக்குள்ளே தூசி போல விதை இருக்கும். ஊதினால் பறந்துவிடும்.

அந்த விதை மிகவும் நோஞ்சான். குளிர்பட்டால் முளைக்காது. உப்பு மிஞ்சினால் முளைக்காது. சும்மா வைத்திருந்தாலும் சில வாரங்களிலேயே அதன் வீரியம் குறையத் தொடங்கிவிடும்.

அந்த நோஞ்சான் விதையை நம்பி முப்பது ஆண்டுகள் பாடுபட்டார் ஒருவர். அதனால் நாடு முழுவதற்கும் சர்க்கரை கிடைத்தது. அவர்தான் சர் டி. எஸ். வெங்கட்ராமன்.

பார்பரின் உதவியாளர்

அவருடைய முழுப்பெயர் திருவடி சாம்பசிவ வெங்கட்ராமன். பிறந்தது 1884-ம் ஆண்டு ஜூன் மாதம். செடிகொடிகளைப் பற்றிய சாஸ்திரத்தைப் படித்துத் தேறினார்.

அப்போது இந்தியாவில் ஒரு வேடிக்கையான நிலைமை இருந்தது. உலகத்திலேயே அதிகமான நிலத்தில் கரும்பு பயிரிட்ட நாடுகளில் ஒன்று இந்தியா. ஆனால் வெள்ளைச் சர்க்கரை ஜாவாத் தீவிலிருந்து கப்பலில் வந்தது. ஆண்டுதோறும் பல லட்சம் டன் வந்தது. பணம் வெளியே போயிற்று.

காரணம் என்ன?

வட இந்தியாவில்தான் பெருவாரியாகக் கரும்பு விளைந்தது. அந்தக் கரும்பு, குச்சி போல மெல்லியது. நார் அதிகம், சாறு குறைவு. தென்னாட்டுத் தடித்த கரும்பை அங்கே கொண்டுபோய் நட்டால் குளிரிலும் வறட்சியிலும் மடிந்துவிடும். மெல்லிய கரும்புக்குத் தாங்கும் சக்தி இருந்தது, விளைச்சல் இல்லை. தடித்த கரும்புக்கு விளைச்சல் இருந்தது, தாங்கும் சக்தி இல்லை.

இரண்டு குணமும் ஒரே கரும்பில் வந்தால் நாடு பிழைக்கும். அதற்கு ஒரே வழி, விதை.

1912-ம் ஆண்டு கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. டாக்டர் பார்பர் என்ற வெள்ளைக்காரர் தலைமை வகித்தார். அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார் வெங்கட்ராமன். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

ஏன் கோயமுத்தூர்?

கரும்பு அதிகமாக விளைந்தது வடக்கே. ஆராய்ச்சிப் பண்ணை வந்ததோ தெற்கே. இது என்ன புதுமை என்று நினைக்கத் தோன்றும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

கரும்பு பூப்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். அந்தச் சமயத்தில் பஞ்சாபிலும் பீகாரிலும் இரவில் கடுங்குளிர் தொடங்கிவிடும். உஷ்ணம் 18 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கரும்புப் பூவின் மகரந்தம் வலுவிழந்துபோகும். அங்கே பல ரகங்கள் பூப்பதே இல்லை. பூத்தாலும் விதை பிடிக்காது.

கோயமுத்தூர் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1,400 அடி உயரத்தில் இருக்கிறது. ஐப்பசி மாதத்தில் பகல் உஷ்ணம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவில் 20 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும். கொதிக்கும் வெயிலும் இல்லை, நடுக்கும் குளிரும் இல்லை. இந்த மண்ணில் கரும்பு தாராளமாகப் பூக்கிறது. பூவில் நல்ல விதை பிடிக்கிறது.

கரும்புக்கு விதை உண்டு என்பதை 1880-களில் ஜாவாவிலும் பார்படாஸ் தீவிலும் இருந்தவர்கள் உறுதியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குமுன், கரும்பு மலட்டுப் பயிர் என்றே உலகத்தில் பலர் நம்பினார்கள். அது மலடு அல்ல, சரியான உஷ்ணம் கிடைக்காத இடங்களில் மலடு போல நின்றது.

கோவையின் சீதோஷ்ணம் கரும்புக்குத் தாய்வீடு போல அமைந்தது.

விதை படும் பாடு

விதைக்கு உஷ்ணம் ஏன் வேண்டும்?

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை மாதத்தில் மாவு சீக்கிரம் புளித்துவிடும். மார்கழிக் குளிரில் விடிந்தாலும் புளிக்காது. விதைக்குள்ளே நடக்கும் வேலையும் அதுபோலத்தான். விதை தண்ணீரைக் குடித்ததும், அதற்குள் இருக்கும் மாவுச்சத்து கரைந்து முளைக்கு உணவாக வேண்டும். அந்த வேலை குளிரில் தூங்கிவிடும். இதமான சூட்டில் வேகமாக நடக்கும். சூடு மிஞ்சினால் முளை வெந்துபோகும்.

கரும்பு விதைக்கு 30 டிகிரியும் அதற்குச் சற்று மேலும் உள்ள உஷ்ணம் மிகவும் பிடிக்கும். 20 டிகிரிக்குக் கீழே போனால் முளைப்பு குறைந்துவிடும். நாற்றும் நோயாளிபோல நிற்கும்.

அடுத்தது உப்பு.

மாங்காயை நறுக்கி உப்பைப் பிசறி வைத்தால் என்ன ஆகிறது? சிறிது நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. உப்பு, மாங்காயிலுள்ள தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது. உப்பு நிறைந்த மண்ணில் விதை விழுந்தாலும் இதே தொல்லைதான். சுற்றிலும் ஈரம் இருக்கும். ஆனால் உப்பு அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு விதைக்கு விடாது. தண்ணீருக்கு நடுவே தாகத்தால் தவிக்கும் நிலை அது. மேலும், உப்பு விதைக்குள் புகுந்துவிட்டால் விஷமாகவும் ஆகிவிடும்.

உஷ்ணமும் உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதே இல்லை. கோடையில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேலும் சுடும். அப்போது மண்ணிலுள்ள தண்ணீர் ஆவியாகப் போய்விடும். உப்பு மட்டும் மேலே ஏறி வெள்ளையாகப் பூத்து நிற்கும். விதை கிடப்பதும் அந்த மேல்மண்ணில்தானே! சூடு ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம்.

இன்றைய ஆராய்ச்சிகள் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கின்றன. இதமான உஷ்ணத்தில் கொஞ்சம் உப்பைப் பொறுத்துக்கொண்டு முளைக்கும் விதை, உஷ்ணம் ஏறிவிட்டாலோ இறங்கிவிட்டாலோ அதே உப்பைப் பொறுப்பதில்லை.

வறண்ட நாட்டுச் செடிகள் பல இதை அறிந்தவை போல நடந்துகொள்கின்றன. உப்பும் வெயிலும் இருக்கும்வரை அவற்றின் விதைகள் முளைக்காமல் கிடக்கும். நல்ல மழை பெய்து, உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போய், மண்ணும் குளிர்ந்தபிறகு முளை விடும். அவசரப்பட்டு முளைத்துச் சாவதைவிடக் காத்திருப்பது மேல் அல்லவா?

காரமடை வட்டாரத்துக்கு இது புதிய செய்தி அல்ல. மேற்கு மலைகள் தென்மேற்கு மழையைத் தடுத்துவிடுவதால் இங்கே மழை குறைவு. மேட்டுக்காட்டில் மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைக்கிறவர்கள், மழைக்கு முன்னால் விதைத்துவிட்டுத் தவிப்பதையும், உப்புத் தண்ணீர் பாய்ந்த தோட்டத்தில் முளைப்பு ஓட்டை ஓட்டையாக நிற்பதையும் கண்டிருக்கிறார்கள்.

காட்டுக் கரும்பு தந்த வரம்

இனி வெங்கட்ராமன் கதைக்கு வருவோம்.

வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கும் சக்தியை எங்கே தேடுவது? ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நாணல் போல வளரும் காட்டுக் கரும்பு ஒன்று உண்டு. விரல் மொத்தம்கூட இராது. கடித்தால் இனிப்பும் கிடையாது. ஆடுமாடு மேய்ந்தாலும் மறுபடி தழைக்கும். சதுப்பிலும் வளரும், வறண்ட மணலிலும் வளரும். உப்பு நிலத்திலும் இதைக் காணலாம். வேர் ஆழமாகப் போகும்.

குடியானவர்கள் இதைக் களை என்று வெட்டி எறிந்தார்கள். பார்பரும் வெங்கட்ராமனும் இதைச் சம்பந்தியாக்க முடிவு செய்தார்கள்.

வெள்ளை என்ற தடித்த கரும்பைத் தாயாக வைத்துக்கொண்டார்கள். கோயமுத்தூர்க் காட்டுக் கரும்பைத் தகப்பனாக்கினார்கள். தகப்பன் பூவின் மகரந்தத்தைத் தாய்ப் பூவின்மேல் தூவினார்கள். பிறகு விதை முற்றியதும் குஞ்சத்தைச் சேகரித்து, எருக் கலந்த மண்ணின்மேல் பரப்பித் தண்ணீர் தெளித்தார்கள். மண்ணுக்குள் புதைக்கக்கூடாது. அவ்வளவு சிறிய விதைக்கு மண்ணை முட்டிக்கொண்டு வர வலு ஏது? நாற்றுகள் புல் போல எழுந்தன. அவற்றைப் பிள்ளைகளைப் போல வளர்த்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேறுவது ஒன்றிரண்டுதான்.

அப்படித் தேறிய ஒன்றுதான் கோ 205. கோ என்றால் கோயமுத்தூர். 1918-ம் ஆண்டு அது பஞ்சாபுக்குப் போயிற்று. அங்கிருந்த நாட்டுக் கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. குளிரையும் கோடையையும் தாங்கி நின்றது.

காட்டுக் கரும்பின் இரத்தம் கலந்து, விவசாயிகளிடம் வெற்றியாகப் பரவிய முதல் ஒட்டுக் கரும்பு அதுதான் என்று பெயர்பெற்றது. களை என்று எறிந்த செடி குலம் காத்த கதை இது!

நாடு முழுவதும் கோ கரும்பு

பார்பர் 1919-ல் ஓய்வுபெற்றுத் தாய்நாடு போனார். வடநாட்டு மெல்லிய கரும்பு இனத்துக்கு அவருடைய பெயரையே விஞ்ஞானிகள் சூட்டினார்கள். அவருக்குப்பின் பண்ணையின் பொறுப்பு வெங்கட்ராமன் கைக்கு வந்தது. வெள்ளைக்காரர்களே பெரிய பதவிகளில் இருந்த காலம் அது. ஓர் இந்தியர் சர்க்கார் கரும்பு நிபுணராக அமர்ந்தது பெரிய செய்தி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவர் அல்ல. கரும்பின் வேர் எப்படி மண்ணில் இறங்குகிறது என்பதைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார். தண்டு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் வேர் வலுவில்லாவிட்டால் வறட்சியில் நிற்காது என்பது அவர் கண்ட உண்மை.

கோ 213, கோ 281, கோ 290, கோ 312, கோ 313 என்று வரிசையாகப் புதிய ரகங்கள் வந்தன. வடநாட்டு வயல்களில் பழைய மெல்லிய கரும்பு மறைந்தது. 1933-ல் வந்த கோ 419 தென்னாட்டைப் பிடித்துக்கொண்டது. பல பத்தாண்டுகள் அதற்கு ஈடு இல்லை.

1932-ல் சர்க்கார் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. முப்பதுக்குச் சற்று மேல் இருந்த ஆலைகள் நாலைந்து ஆண்டுகளில் நூறைத் தாண்டின. ஜாவாச் சர்க்கரை வருவது ஏறக்குறைய நின்றது. சட்டம் ஆலையைக் கட்ட உதவியது. ஆலைக்குத் தீனி போட்டது கோவைக் கரும்பு.

செந்நோய் தந்த அதிர்ச்சி

எல்லாம் வெற்றியாகவே நடந்துவிடவில்லை.

பீகாரிலும் கிழக்கு உத்தரப்பிரதேசத்திலும் கோ 213 எங்கே பார்த்தாலும் நின்றது. ஒரே ரகம், ஒரே இரத்தம். 1938-ம் ஆண்டை ஒட்டிச் செவ்வழுகல் நோய் அங்கே பரவியது. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து, கள் நாற்றம் அடித்தது. நோய் ஒரு கரும்பைத் தின்றால் எல்லாக் கரும்பையும் தின்னும் நிலைமை. ஏராளமான குடியானவர்கள் நஷ்டப்பட்டார்கள்.

ஒரு நல்ல விதையோடு வேலை முடிந்துவிடாது என்பதை அந்த நோய் காட்டிவிட்டது. மறுபடி பூ, மறுபடி விதை, மறுபடி நாற்று என்று வேலை தொடர்ந்தது. இன்றுவரை தொடர்கிறது.

கரும்புக்கும் சோளத்துக்கும் கலியாணம்

கொங்கு நாட்டு மக்களுக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று இருக்கிறது.

கரும்பு பத்து மாதம், பன்னிரண்டு மாதம் நிற்கும் பயிர். அவ்வளவு காலம் தண்ணீர் கொடுக்க எல்லோருக்கும் முடியுமா? சோளமோ நாலு மாதத்தில் கதிர் முற்றிவிடும். மழை குறைந்தாலும் சமாளிக்கும். உப்பையும் கரும்பைவிட நன்றாகத் தாங்கும். கரும்பின் விளைச்சல் குறையத் தொடங்கும் உப்பைப் போல நான்கு மடங்கு உப்பு இருந்தால்தான் சோளத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும்.

சோள விதைக்கும் கரும்பு விதைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சோள மணியில் முளைக்கு வேண்டிய மாவு நிறைய இருக்கிறது. அதனால் முளை திடமாக எழும். கரும்பு விதை, கட்டுச்சோறு இல்லாமல் பயணம் புறப்பட்டவனைப் போன்றது.

கரும்பையும் சோளத்தையும் கலந்தால் என்ன என்று வெங்கட்ராமன் எண்ணினார். 1930-ம் ஆண்டு வாக்கில் ஜாவாக் கரும்பு ஒன்றோடு கோயமுத்தூர் வட்டாரத்துப் பெரியமஞ்சள் சோளத்தைக் கலந்தார். விதை பிடித்தது! முளைத்தது! இரண்டும் வேறு வேறு இனம் என்பதால் விஞ்ஞான உலகம் வியந்தது. சீக்கிரம் முற்றும் கரும்பை உண்டாக்குவது அவர் நோக்கம்.

அந்த ஒட்டுப் பயிர் குடியானவர்களிடம் பெரிதாகப் பரவவில்லை. ஆனாலும், புல் இனங்களுக்குள் இத்தனை தூரத்துச் சொந்தமும் கூடிவரும் என்பதை அது நிரூபித்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இ. கே. ஜானகி அம்மாள் 1934-ல் இந்தப் பண்ணையில் சேர்ந்து, இத்தகைய ஒட்டுச் செடிகளின் உள்ளமைப்பைப் பூதக்கண்ணாடியில் வைத்து ஆராய்ந்தார். கரும்பைச் சோளத்தோடு நிற்காமல் மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார்.

கடல் கடந்த விதை

கோவையில் பிறந்த ரகங்கள் பிற நாடுகளுக்கும் போயின. கோ 281, கோ 290 ஆகியவை அமெரிக்காவின் லூசியானா நாட்டுப்புறத்திலும் நடப்பட்டன.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கரும்பின் விதையே கப்பலேறியது. அங்கே நம் தமிழர்கள் பலர் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள். அங்கும் குளிர்காலம் கடுமை. கரும்பு பூத்து நல்ல விதை பிடிப்பது அரிது. அதனால் கோயமுத்தூரில் கோ 421 என்ற கரும்பையும் கோ 312 என்ற கரும்பையும் கலந்து, விதையை அனுப்பினார்கள். நேட்டாலில் அதை முளைக்கவைத்து, நாற்றுகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். 1945-ல் அது வெளியிடப்பட்டது. பெயர் என்கோ 310. நேட்டால், கோயமுத்தூர் ஆகிய இரண்டு ஊர்ப் பெயரும் அதில் இருக்கின்றன.

அந்தக் கரும்பு தென்னாப்பிரிக்காவோடு நிற்கவில்லை. தைவான் முதலிய பல நாடுகளில் பரவியது. நம் ஊர் உஷ்ணத்தில் பிடித்த விதை, உலகத்துக்கே இனிப்பு கொடுத்தது!

பட்டங்களும் பதவிகளும்

வெங்கட்ராமனைத் தேடிப் பல கௌரவங்கள் வந்தன. 1937-ல் ஐதராபாத்தில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்கு அவரே தலைவர். பெரிய பெரிய அறிஞர்கள் கூடியிருந்த அந்தச் சபையில் அவர் பேச எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? கரும்பு அல்ல, இந்தியக் கிராமம். அதன் பழைய நிலை, இன்றைய நிலை, வருங்காலம் ஆகியவற்றை எடுத்துச் சொன்னார். ஆராய்ச்சியின் பலன் கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அவருக்கு எப்போதும் இருந்தது.

பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. 1942-ல் அவர் பண்ணைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்றார். சுதந்திர இந்தியா 1956-ல் பத்மபூஷண் விருது அளித்தது. 1963-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு.

அவர் வளர்த்த பண்ணை இன்று கோயமுத்தூரில் மத்திய சர்க்காரின் கரும்பு இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. தமிழ்நாட்டு வயல்களில் பரவலாக நிற்கும் கோ 86032 அங்கே பிறந்ததுதான். காட்டுக் கரும்பு இனங்களைப் பல மாநிலங்களிலிருந்தும் தேடிக் கொண்டுவந்து அங்கே பாதுகாக்கிறார்கள். உப்பையும் வறட்சியையும் தாங்கும் கரும்புக்கான தேட்டம் இன்றும் நடக்கிறது.

நாம் செய்யக்கூடியது

வெங்கட்ராமனின் வேலையில் ஒரு பாடம் எல்லோருக்கும் உரியது. விதை முளைக்கவில்லை என்றால் உடனே விதையைக் குறை சொல்லக்கூடாது. மண்ணின் சூடு எப்படி, தண்ணீரின் உப்பு எப்படி என்று பார்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சிச் சாலை வேண்டியதில்லை. சோளமோ கம்போ விதைக்குமுன் இருநூறு மணிகளை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மணியை மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ நனைத்த சாக்குத் துணியில் பரப்பிச் சுருட்டி வையுங்கள். மற்ற நூறைத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியில் வையுங்கள். இரண்டையும் ஒரே நிழலில் வைத்து, துணி காயாமல் அதே தண்ணீரைத் தெளித்து வாருங்கள். ஒரு வாரம் கழித்து முளைத்ததை எண்ணுங்கள்.

இரண்டிலும் குறைவாக முளைத்தால் விதையில் கோளாறு. மழைத் தண்ணீரில் நன்றாகவும் கிணற்றுத் தண்ணீரில் குறைவாகவும் முளைத்தால் உப்பில் கோளாறு. அப்போது மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். நல்ல மழை பெய்து உப்பு கீழே இறங்கியபிறகு விதையுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூட இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லலாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

தூசி போன்ற விதையை ஒவ்வொன்றாக எண்ணி, முளைத்தது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று கணக்கு வைத்த பண்ணையிலிருந்துதான் நாட்டுக்குச் சர்க்கரை வந்தது. பொறுமையாக எண்ணிப் பார்த்த அந்தப் பெரியவரை நன்றியோடு நினைப்போம்.